இருவர் சரிபார்த்தது

தங்கபுஷ்பம் சென்னையை விட்டுப் போனது 1977 மே 19, வியாழக்கிழமை. பிற்பகல் ரயில், பம்பாய்க்கு. சென்ட்ரல் ஸ்டேஷனில் அவளை வழியனுப்ப நான் ஒருத்திதான் இருந்தேன். கூட வேலை பார்த்த ஹாஜிரா பீக்கு லீவு கிடைக்கவில்லை. எலுமிச்சம்பழச் சாதத்தை ஒரு தூக்கில் போட்டு, "தூக்கு திரும்ப வேணாம்னு சொல்லு" என்று என்னிடம் கொடுத்தனுப்பியிருந்தாள்.

ஜன்னல் பக்கத்து இடம் கிடைத்தது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு படுக்கைச் சுருள். பத்து வருடத்துச் சென்னை வாழ்க்கையை எடுத்துப் போக இன்னும் கொஞ்சம் சாமான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வண்டி கிளம்பச் சில நிமிடங்கள் இருக்கும்போது, பையிலிருந்து ஒரு நீல அட்டை நோட்டை எடுத்து ஜன்னல் கம்பிக்கு நடுவில் நீட்டினாள்.

"ஏட்டி, இத நீயே வச்சுக்கோ."

"உங்க நோட்டுக்கா இது."

"பம்பாய்ல வேற விளம்பரமெல்லாம் போடுவாவ. நான் புதுசா ஆரம்பிச்சுக்கிடுதேன்."

வண்டி நகர்ந்தபோது அவள் கையசைக்கவில்லை, எதிர் சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவரின் கால் மேல் படாமல் தன் பெட்டியை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தாள்.

மயிலாப்பூரில் லஸ்ஸுக்குப் பின்னால் இருந்த பெண்கள் விடுதியில் ஆறு மாதம் நாங்கள் இருவரும் ஒரே அறையில் இருந்தோம். ஓர் இன்ஜினியர் குடும்பத்தின் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு மூன்று வருடம் குவைத், பெய்ரூட், ஏதென்ஸ் என்று சுற்றிவிட்டு 1976 நவம்பரில் நான் திரும்பியிருந்தேன். அடையாறில் அண்ணன் வீட்டில் நான்கு நாள் தாக்குப்பிடித்தேன். ஐந்தாம் நாள் இந்த விடுதிக்கு வந்தேன். கட்டில் காலியாக இருந்தது இவள் அறையில் மட்டும். மற்றவர்கள் இவளோடு தங்க விரும்புவதில்லை என்று பிறகு தெரிந்தது. காரணம் அந்த நோட்டுதான்.

பத்திரிகைகளில் வரும் மெஷின் விளம்பரங்களை அவள் வெட்டி ஒட்டுவாள். கால்குலேட்டர், டி.வி., மிக்ஸி, பட்டன் கடிகாரம், எதுவானாலும் சரி. ஒட்டிவிட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் தன் அபிப்பிராயத்தை எழுதுவாள். எழுதுவதோடு விடமாட்டாள், சாப்பாட்டு மேஜையில் அதைச் சொல்லவும் செய்வாள். புது டி.வி. பற்றி ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கும் பெண்களிடம், "'உலகமே உங்கள் வீட்டில்'னு போட்டிருக்கான். சாயங்காலம் ரெண்டு மணி நேரந்தான் உலகம் வரும். மிச்ச நேரம் அது எங்க போவும்?" என்று கேட்டால் யாருக்குப் பிடிக்கும்?

சிவப்பு எண்கள் ஒளிரும் கைக்கடிகாரத்தின் விளம்பரத்துக்குப் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தாள்: "மணி தெரிய பட்டனை அமுக்க வேண்டும். ஒரு கையில் கட்டியிருந்தால் இன்னொரு கை வேண்டும். கையில் பை இருந்தால் நேரம் கிடையாது." மிக்ஸிக்கு: "'அம்மியை மறந்துவிடுங்கள்' என்கிறான். கரண்ட் போகும் நாளைக்கு ஞாபகம் வைத்துக்கொள்வது யார் பொறுப்பு?" ஒரு கால்குலேட்டருக்கு மட்டும், "சொன்னதைச் செய்கிறது. சொல்லாததைச் சொல்லவில்லை. நல்ல சாமான்" என்று இருந்தது. அந்த விளம்பரத்தில் படமே இல்லை.

அவள் ஊர் தூத்துக்குடி. அப்பா உப்பளத்தில் எடைக் குமாஸ்தாவாக இருந்து இறந்துபோனார். அண்ணன் குடும்பம் அங்கேயே இருந்தது. 1967இல், இருபத்தைந்து வயதில், கார்டில் துளைபோடும் மெஷின் படிப்புக்காகச் சென்னை வந்தவள். மவுண்ட் ரோடில் ஓர் இன்சூரன்ஸ் ஆபீசில் ஒன்பது வருடம் வேலை பார்த்தாள். அவள் துளைபோடுபவள் அல்ல, சரிபார்ப்பவள்.

அந்த வேலையை அவள் எனக்கு விளக்கியது இப்படி. ஒருத்தி தாளைப் பார்த்து அடிப்பாள், மெஷின் கார்டில் துளை போடும். அந்தக் கார்டும் அதே தாளும் இன்னொருத்திக்குப் போகும். அவள் முதலாமவளிடம் பேசக்கூடாது, கேட்கக்கூடாது. அதே தாளைப் பார்த்து மறுபடி முழுதும் அடிக்க வேண்டும். துளையும் இவள் அடிப்பதும் ஒன்றாக இருந்தால் கார்டின் வலது ஓரத்தில் மெஷினே ஒரு சின்ன வெட்டுப் போட்டு வெளியே தள்ளும். வித்தியாசம் வந்தால் சிவப்பு விளக்கு எரிந்து சாவிகள் பூட்டிக்கொள்ளும். எட்டு மணி நேரம், ஒரு வார்த்தை பேசாமல், இன்னொருத்தி செய்ததையே திரும்பச் செய்வது. ஒன்பது வருடத்தில் அவள் கைக்கு அது பழகிவிட்டது. வாய்க்கும் பழகியிருந்ததோ என்னவோ, விளம்பரத்தைத் தவிர வேறு விஷயங்களில் அவள் அதிகம் பேசமாட்டாள்.

1976 விஜயதசமியன்று தி.நகர் உஸ்மான் ரோடில், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில், 'திரிகாலம் டேட்டா சர்வீஸ்' ஆரம்பமானது. ஜவுளிக்கடைக்காரரின் மகன் தனபாலன்தான் முதலாளி. முப்பது வயது, எப்போதும் முழுக்கைச் சட்டை. தங்கபுஷ்பம் குடும்பத்துக்குத் தூரத்து உறவு. கம்ப்யூட்டர் ஜாதகம், கம்ப்யூட்டர் கல்யாணப் பொருத்தம். படிவத்தைப் பூர்த்தி செய்து நேரிலோ தபாலிலோ கொடுத்தால் பத்து நாளில் அச்சடித்த தாள் வந்துவிடும். உறவு என்பதாலும், சரிபார்ப்பதில் அவளுக்கு இருந்த பெயராலும் தங்கபுஷ்பத்தை இன்சூரன்ஸ் ஆபீசிலிருந்து கூட்டி வந்தான். துளை போட ராயப்பேட்டை ஹாஜிரா பீ.

நான் முதல் தடவை அங்கே போனபோது முன்னறையில் ஆள் உயர ஸ்டீல் பெட்டி ஒன்று நின்றிருந்தது. அதன் முகத்தில் வரிசை வரிசையாகச் சின்ன பல்புகள் அணைந்து அணைந்து எரிந்தன. ஓர் அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு அதைக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன.

"இதுதான் கம்ப்யூட்டரா?" என்று உள்ளே போய்க் கேட்டேன்.

ஹாஜிரா பீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கம்ப்யூட்டரு கிண்டில கீது. ஒரு ஃபேக்டரிக்காரனோடது. வாரத்துல ரெண்டு நாளு வாடகைக்கு. இந்தப் பொட்டிக்குள்ள இன்னா கீது தெரியுமா? எங்க ரெண்டு பேரு டிபன் பாக்ஸு."

தங்கபுஷ்பம் மெஷினை விட்டுத் தலையைத் திருப்பாமல், "பின்னால ஒரு கதவு இருக்கு. சோறு கெடாது, பல்பு சூட்டுல வெதுவெதுப்பா இருக்கும். அந்தப் பெட்டியால ஆவற ஒரே பிரயோஜனம்" என்றாள்.

சுவரில் பெரிய போர்டு: 'மனிதர் தவறலாம். கம்ப்யூட்டர் தவறாது.' ஒவ்வொரு தாளின் அடியிலும் 'இருவர் சரிபார்த்தது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தி, பக்கத்தில் ஹா.பீ., த.பு. என்று இவர்கள் இருவரும் கையால் எழுத வேண்டும். அது தனபாலனின் யோசனை. மெஷின் தாளில் மனிதக் கையெழுத்து இருந்தால்தான் ஜனங்களுக்கு நம்பிக்கை வரும் என்பான். கிண்டியிலிருந்து கட்டுக்கட்டாக வரும் தாள்களை விசிறி மாதிரி விரித்து, கீழ்மூலையில் மட்டும் இருவரும் எழுதிக்கொண்டே போவார்கள். மேலே யார் பெயர் என்று பார்க்க நேரம் இருக்காது. கார்டிலோ பெயரே கிடையாது. முன்னறைக் குமாஸ்தா படிவத்தை வரிசை எண்ணாகவும் தேதியாகவும் நேரமாகவும் ஊர் எண்ணாகவும் மாற்றி ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார். இவர்களுக்குத் தெரிந்தது அந்த எண்கள்தான்.

1977 தை மாதம் தங்கபுஷ்பத்தைப் பெண் பார்க்க ஒருவர் வந்தார். பெயர் வெள்ளைச்சாமி. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஹைஸ்கூலில் பூகோள வாத்தியார். வயது முப்பத்தெட்டு. விதவையான அக்கா ஒருத்திதான் அவருக்கு வீட்டில் எல்லாம். தனபாலன் வீட்டு ஹாலில், பெரியவர்கள் அடுத்த அறையில் இருக்க, பத்து நிமிடம் பேசினார்களாம். அன்று மாலை அறைக்கு வந்தவள் புடவைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து எனக்கு அந்தப் பத்து நிமிடத்தை அரைமணி நேரம் சொன்னாள். அவள் அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"என்ன வேலைன்னு கேட்டாவ. சொன்னேன். ஒருத்தி அடிப்பா, நான் மறுபடி அடிச்சுப் பாப்பேன், சரியா இருந்தாத்தான் என் எழுத்தப் போடுவேன்னேன். எல்லாரும் 'ஓஹோ'ன்னுட்டுக் காப்பியக் குடிப்பாவ இல்லா? இவிய குடிக்கல. டம்ளரக் கீழ வச்சுட்டு, 'ரெண்டு பேருமே ஒரே தப்பப் பண்ணினா?'ன்னு கேட்டாவ."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"பதில் இல்லன்னேன். பத்து வருசத்துல இதக் கேட்ட மொத ஆளு நீங்கதான்னேன்." அவள் சிரித்தாள். "வெக்கமில்லாம அப்படியே சொல்லிட்டேன்ட்டி."

அவருடைய அக்காவுக்கும் சம்மதம்தான் என்று சொல்லியனுப்பினார்கள். ஜாதகம் மட்டும் பார்த்துவிடலாம், பெண் வேலை பார்க்கும் இடத்திலேயே கம்ப்யூட்டரில் பார்த்தால் கௌரவமாக இருக்கும் என்று அந்த அக்கா எல்லோருக்கும் பெருமையாகச் சொன்னாளாம். தபாலில் படிவம் போட்டுவிட்டு யாரும் இவளிடம் சொல்லவில்லை.

மாசி மாதம் தூத்துக்குடியிலிருந்து அண்ணன் கடிதம் வந்தது. 'பொருத்தம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். கடவுள் சித்தம்.' உள்ளே நான்காக மடித்த திரிகாலம் தாள். இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்புவது வழக்கம், இது பெண் வீட்டுப் பிரதி. பத்துப் பொருத்தத்தில் மூன்று. 'சிபாரிசு இல்லை.' கீழே ஸ்டாம்ப். பக்கத்தில் ஹா.பீ., த.பு.

அவள் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். அழவில்லை. "மகம்னு போட்டிருக்கு. நான் பூரம்லா?" என்றாள், என்னைக் கேட்பதுபோல.

மறுநாள் தாளில் இருந்த வரிசை எண்ணை வைத்துக் கார்டுப் பெட்டியில் தேடித் தன் கார்டை எடுத்திருக்கிறாள். வலது ஓரத்தில் வெட்டு சரியாக விழுந்திருந்தது. படிவத்தோடு ஒப்பிட்டாள். ஒரு துளை மாறவில்லை. தன் தேதியைத் தானே அடித்திருந்தும், அத்தனை எண்களுக்கு நடுவில் அது கண்ணில் படாமல் போயிருந்தது. அவள் அம்மா எப்போதும் சொன்னதுபோலவே வெள்ளிக்கிழமைத் தேதியும், இரவு மூன்றேகால் மணியும் இருந்தன. தப்பே இல்லாத கார்டில் தப்பான நட்சத்திரம்.

விஷயம் பிடிபட்டது ஹாஜிரா பீயால்தான். நான் அன்று சாயங்காலம் தங்கபுஷ்பத்தை அழைத்துப் போக மாடிக்குப் போயிருந்தேன். தங்கபுஷ்பம் அந்தக் கார்டைக் கையில் வைத்தபடி மெஷின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா புஷ்பம், இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிக்கினு கீற? நீ பொறந்தது எப்போ?"

"வெள்ளிக்கிழமை ராத்திரி மூணேகாலு."

"எங்க ஊட்லன்னா அத சனின்னுதான் சொல்வோம். எங்களுக்கு சூரியன் எறங்கி மக்ரிப் தொழுக ஆனாலே நாளு மாறிடும்."

"எங்களுக்கு விடிஞ்சாத்தான் மாறும்."

"சரி, இந்த மெஷினுக்கு?"

தங்கபுஷ்பம் கையிலிருந்த கார்டில் மணிக்கான துளையை விரலால் தொட்டாள். பிறகு மெதுவாக, "பன்னெண்டு மணிக்கு" என்றாள்.

ஹாஜிரா பீ கைதட்டிச் சிரித்தாள். "அட அல்லா! அப்போ உன் மூணேகால மெஷினு வியாழக்கெழம ராத்திரில கொண்டுபோய் வச்சிட்ச்சு. ஒரு நாளு முன்னாடியே உன்னப் பெத்துப் போட்ச்சே!"

சிரித்தது அவள் மட்டும்தான். நம் வீடுகளில் சூரியன் உதித்தால்தான் அடுத்த நாள். நடுநிசிக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கும் முந்தின நாளின் தேதியைத்தான் எழுதுவோம். படிவத்தில் அப்படியே வந்தது, குமாஸ்தா அப்படியே எண்ணாக்கினார், ஹாஜிரா பீ அப்படியே அடித்தாள், தங்கபுஷ்பம் அப்படியே மறுபடி அடித்தாள். புரோகிராம் எழுதிய பையன் பம்பாயில் படித்தவன், அவனுக்கு நாள் என்றால் நடுநிசியில் தொடங்குவது. நிலா ஒரு நாளில் ஒரு நட்சத்திரம் நகரும். நடுநிசிக்கும் விடியலுக்கும் இடையில் பிறந்தவர்களில் வீட்டு வழக்கப்படி தேதி எழுதிய எல்லோருக்கும் ஒரு நட்சத்திரம் பின்னால் போயிருந்தது.

தனபாலன் முழுதும் கேட்டான். பொறுமையாகத்தான் கேட்டான்.

"அக்கா, நீங்க சொல்லுதது சரிதான். இன்னைக்கே அந்தப் பையன்ட்டச் சொல்லிப் படிவத்த மாத்திருவோம். 'விடியலுக்கு முன்னா, பின்னா'ன்னு ஒரு கட்டம் போட்டுருவோம். போதுமா?"

"ஏற்கனவே போன தாளு?"

"போனது போச்சுக்கா."

"கல்யாணம் நின்னிருக்கும் தம்பி."

"நடக்கவும் நடந்திருக்கும்லா? அதப் போய்க் கெடுக்கச் சொல்லுதியளா?" அவன் சுவரில் இருந்த போர்டைக் காட்டினான். "அத எழுதி வச்சுட்டு, தபால் போட்டு 'தவறிட்டோம்'னு சொன்னா நாளைக்கு எவன் படியேறுவான்? ஜனங்க தாளுக்கு வரலக்கா. தவறாதுங்கற ஒரு வார்த்தைக்கு வாராவ."

அன்று இரவு அவள் நோட்டில் திரிகாலத்தின் விளம்பரத்தை ஒட்டினாள். அதுவரை ஏன் ஒட்டவில்லை என்று நான் கேட்டதற்கு, "நான் வேல பாக்குத எடம்லா" என்றாள். பக்கத்தில் எழுதியது: "'இருவர் சரிபார்த்தது' உண்மை. இருவரும் பார்த்தது ஒரே தாளை. தாளை யாரும் சரிபார்க்கவில்லை."

அந்த ஆபீசில் கார்டுகளைப் பிரிக்கும் மெஷின் ஒன்று இருந்தது. எந்தப் பத்தியில் என்ன எண் என்று சொல்லிவிட்டால் ஒரு கார்டுக் கட்டைச் சில நிமிடங்களில் பிரித்துவிடும். சனிக்கிழமை மத்தியானம் தனபாலன் கீழே கடைக்குப் போன நேரத்தில், மணிப் பத்தியில் சைபரிலிருந்து ஐந்துவரை உள்ள கார்டுகளைத் தனியாக எடுத்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. விலாசப் பதிவேட்டை ஹாஜிரா பீ திறந்து வைத்துவிட்டு, "நான் ஒண்ணியும் பாக்கல" என்று ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாளாம்.

லஸ் தபாலாபீசில் அதே எண்ணிக்கையில் தபால் கார்டு வாங்கினாள். மூன்று வாரம் ஆபீஸ் விட்டு வந்து எழுதினாள். நானும் எழுதுகிறேன் என்றேன், கொடுக்கவில்லை. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: 'உங்கள் பிறந்த தேதி வீட்டு வழக்கப்படி விடியலிலிருந்து கணக்கிட்டதாக இருந்தால், எங்கள் தாளில் உள்ள நட்சத்திரம் ஒரு நாள் முந்தியது. தயவுசெய்து உள்ளூர் ஜோசியரிடம் மறுபடி பார்த்து முடிவு செய்யவும். இப்படிக்கு, சரிபார்த்தவர், த.பு.' பங்குனி பிறந்தபோது கட்டில் மேல் ஒரே ஒரு வெறும் கார்டு மிச்சம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் திருவான்மியூர் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து கொட்டிவாக்கம் கடற்கரைக்கு நடப்பாள். சவுக்குத் தோப்பு, மீன்காரர்களின் படகுகள், வேறு ஆள் கிடையாது. மெரினாவில் சுண்டல் விற்பவன்கூட ஏதாவது சொல்லி விற்கிறான், இங்கே அந்தத் தொந்தரவு இல்லை என்பாள். அந்த ஞாயிறு நானும் கூடப் போனேன்.

"ஒரு கார்டு மிச்சம் இருக்கேக்கா."

"இருக்கட்டும்."

"அவருக்கு எழுதலையா?"

அவள் மணலில் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "என்னன்னு எழுத? 'ஐயா, உங்க தாளுல நட்சத்திரம் தப்பு. நான் நல்ல நட்சத்திரம். என்னையே கட்டிக்கிடுங்க'ன்னா? தனபாலன் போடுதானே விளம்பரம், அதுக்கும் இதுக்கும் என்னட்டி வித்தியாசம்?"

"மத்தவங்களுக்கு எழுதினீங்களே."

"அது தகவல். அதுல எனக்கு ஆவ வேண்டியது ஒண்ணும் இல்ல. இதுல இருக்கு. எனக்கு ஆவ வேண்டியது இருக்கற எடத்துல நான் எழுதுதத நானே நம்ப மாட்டேன்."

"அப்ப நான் எழுதறேன்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டே, "நட்சத்திரம் கிடக்கட்டும்" என்றாள். "ரெண்டு பேருமே தப்புப் பண்ணினா என்னன்னு கேட்ட மனுசன். அப்படிக் கேட்ட ஆளே, பெட்டி சொன்னதும் சரின்னுட்டாரு பாத்தியா? ஒரு வார்த்த திருப்பிக் கேக்கல. அதுக்கு மேல எழுதி என்ன?"

எழுத வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. எழுது என்றும் சொல்லவில்லை.

கார்டுகள் போய்ச் சேர்ந்தன. சித்திரை தொடக்கத்தில் ஒவ்வொருவராக உஸ்மான் ரோடு மாடிப்படி ஏறி வந்தார்கள். ஒருவர் ஸ்டீல் பெட்டியைக் கைத்தடியால் தட்டிப் பார்த்தார், அது தகர டப்பா மாதிரி சத்தம் போட்டது. இன்னொருவர், நிச்சயம் ஆகிவிட்ட பெண்ணின் தகப்பனார், தங்கபுஷ்பத்தின் மெஷின் முன்னால் வந்து நின்று, "உன்னை யாரும்மா கேட்டாங்க? நாங்க நிம்மதியாத்தானே இருந்தோம்?" என்று கத்தினார். நன்றி சொல்ல ஒருவரும் வரவில்லை. கடிதமும் வரவில்லை.

தனபாலன் அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னபோது நான் அங்கே இல்லை. அவன் குரலை உயர்த்தவே இல்லை என்று ஹாஜிரா பீ சொன்னாள். "'அக்கா, என் போர்டுல இருக்கற அந்த ஒரு வார்த்தய நீங்க அழிச்சுப்புட்டிய'ன்னு மட்டும் சொன்னாரு. இவ எந்திரிச்சா. பொட்டிக் கதவத் தொறந்தா. டிபன் பாக்ஸ எடுத்துக்கினு போயிட்டா."

வேறு ஆபீஸ்களில் முயன்றாள். முதலாளியின் வாடிக்கைக்காரர்களுக்குத் தபால் போட்டவள் என்ற செய்தி அவளுக்கு முன்பே எல்லா இடத்துக்கும் போயிருந்தது. பழைய சிநேகிதி ஒருத்தி மூலம் பம்பாயில் ஒரு மில் ஆபீசில் இடம் கிடைத்தது. அதே சரிபார்க்கும் வேலை. மே 19 அன்று போனாள்.

ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்தபோது அறையில் என் கட்டில் ஓரத்தில் அந்த வெறும் கார்டு இருந்தது. மறந்து விட்டாளா, விட்டுவிட்டுப் போனாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் அதை உடனே எழுதியிருக்க வேண்டும். டில்லியில் ஒரு வேலைக்கான இன்டர்வியூ வந்தது, போனேன். அங்கிருந்து சிம்லா போனேன். ஜூன் கடைசியில் திரும்பியபோது கார்டின் ஓரம் மஞ்சளாகியிருந்தது. கோவில்பட்டிப் பள்ளியின் விலாசம் தெரியாததால் ஹாஜிரா பீ மூலம் பதிவேட்டிலிருந்து வாங்கிய அவர் வீட்டு விலாசத்துக்கே எழுதினேன். நடுநிசிக் கணக்கு, பெயர் பார்க்காமல் எண்களை மட்டும் சரிபார்க்கும் முறை, அவள் தனக்காக எழுத மறுத்தது, எல்லாவற்றையும் நுணுக்கி நுணுக்கி ஒரு கார்டுக்குள் எழுதி, விடுதி விலாசத்தைப் போட்டு அனுப்பினேன். பதில் இல்லை.

பம்பாயிலிருந்து அவள் எனக்கு இரண்டு கடிதம் போட்டாள். இரண்டும் சின்னவை. முதல் கடிதத்தில், தாராவிப் பக்கம் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பின்னறையில் இருப்பதாகவும், இந்த ஊரில் விளம்பரம் எல்லாம் ஹிந்தியில் இருப்பதால் தான் யாரோடும் சண்டை போடுவதில்லை என்றும் எழுதியிருந்தாள். இரண்டாவதில், மில்லில் புது மெஷின் வரப்போகிறது, கார்டே வேண்டாமாம், டைப் அடித்தால் நேரே உள்ளே போய்விடுமாம், அதற்குச் சரிபார்ப்பவள் தேவையில்லை என்று விற்க வந்தவன் சொன்னதாக இருந்தது. 'அவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்' என்று முடித்திருந்தாள்.

1978இல் நான் அனுப்பிய கடிதம் 'விலாசதார் இல்லை' என்ற முத்திரையோடு திரும்பி வந்தது. தூத்துக்குடி அண்ணனுக்கு எழுதினேன். அவரும் வீடு மாறிப் போயிருந்தார். ஹாஜிரா பீக்கும் ஒன்றும் தெரியவில்லை. திரிகாலம் இன்னும் நன்றாக நடக்கிறது என்றும், பெட்டிக்கு இப்போது இரண்டு வரிசை பல்பு அதிகம் என்றும் சொன்னாள்.

நான் மறுபடி ஒன்றரை வருடம் வெளியே போய்விட்டு, 1979 டிசம்பரில் அதே விடுதிக்கு வந்தேன். தபால் மாட்டும் பலகையில் என் பெயருக்கு ஒரு கவர் இரண்டு வாரமாகக் காத்திருந்தது. கோவில்பட்டி முத்திரை. கையெழுத்து, கரும்பலகையில் எழுதிப் பழகியவர்களுடையதைப் போல உருண்டையாக இருந்தது.

'அம்மையார் அவர்களுக்கு, வணக்கம்.

1977ஆம் வருடம் தாங்கள் எழுதிய கார்டு இந்த மாதம் ஏழாம் தேதிதான் என் கைக்குக் கிடைத்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை இறக்கியபோது, சமையலறை அலமாரித் தட்டில் விரித்திருந்த காகிதத்துக்கு அடியில் இருந்தது. என் அக்கா வைத்திருக்கிறார். கேட்டதற்கு, முடிந்த விஷயம் என்று நினைத்ததாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

அந்தத் தாள் வந்தபோது நான் நட்சத்திரத்தைப் பார்க்கவில்லை. பொருத்தத்தையும் பார்க்கவில்லை. அடியில் த.பு. என்று இருந்ததைத்தான் பார்த்தேன். சரியாக இருந்தால்தான் தன் எழுத்தைப் போடுவேன் என்று அவர் அன்று என்னிடம் சொல்லியிருந்தார். அவரே பார்த்து, அவரே எழுத்தைப் போட்டு அனுப்பிய பதில் அது என்று எடுத்துக்கொண்டேன். நேரில் மறுக்கச் சங்கடப்பட்டு இப்படித் தெரிவிக்கிறார் என்று நினைத்தேன். அப்படி ஒருவரிடம் திரும்பக் கேட்பது மரியாதை இல்லை என்று பேசாமல் இருந்துவிட்டேன். சரிபார்ப்பவர்கள் பெயரைப் பார்ப்பதே இல்லை என்பது தங்கள் கார்டைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அவர் கையால் எழுதியது என்று என்னிடம் இருப்பது அந்த இரண்டு எழுத்துதான்.

அவர் இப்போதும் அந்த விடுதியில் இருக்கிறாரா? இல்லையென்றால் அவர் விலாசத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். தங்களுக்குச் சிரமம் இல்லாமல் இருக்க, என் விலாசம் எழுதிய கார்டு ஒன்றை இதனுள் வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சு. வெள்ளைச்சாமி.'